நாற்பதை நெருங்கும் வயதில் மீண்டும் படிப்பு: குடும்பஸ்தருக்கு எந்த வழி பொருந்தும்?

திருமணமாகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு மீண்டும் படிக்க நினைப்பவருக்குத் தமிழ்நாட்டில் இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. பகல்நேரக் கல்லூரி, மாலை அல்லது பகுதிநேர வகுப்பு, பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வி, திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இணையவழிப் பட்டம் என ஐந்து வாசல்கள் திறந்திருக்கின்றன. இவற்றில் எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டே அளவுகோல்களோடு வருகிறார்கள்: கட்டணம் எவ்வளவு, ‘கரஸ்’ஸில், அதாவது அஞ்சல்வழியில், வாங்கிய பட்டத்துக்கு மதிப்பு உண்டா. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் ஒரு கல்வி மையத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்து வருபவன் என்ற முறையில் நான் கவனித்தது வேறு. பாதியில் நின்றுபோனவர்களில் பணம் கட்ட முடியாமல் நின்றவர்கள் குறைவு. பாடம் புரியாமல் நின்றவர்கள் அதைவிடக் குறைவு. தேர்வு வந்த வாரத்தில் தள்ளிப்போட முடியாத ஒரு வேலை வீட்டில் வந்து நின்றதுதான் பெரும்பாலோருக்கு நடந்தது. ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் முதலில் வைக்கும் அளவுகோல், ஒவ்வொரு வழியும் நம்மிடம் எத்தனை மணி நேரத்தைக் கேட்கிறது, அப்படிக் கேட்கும் நேரத்தை நம் வசதிக்கு முன்பின் நகர்த்திக்கொள்ள எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதே.

எதற்காகப் படிக்கிறோம் என்பது தெளிவாக இருந்தால் ஐந்து வாசல்களில் இரண்டு மூன்று தாமாகவே மூடிக்கொள்ளும். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கோ பதவி உயர்வுக்கோ ஒரு பட்டம் வேண்டும் என்பவருக்கு ஏறக்குறைய எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன. ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ செவிலியராகவோ வர விரும்புபவருக்கு அப்படியில்லை. பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அனுமதிப்பதில்லை. 2025 ஜூலை, ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், ஊட்டச்சத்தியல், நுண்ணுயிரியல் போன்ற உடல்நலம் சார்ந்த படிப்புகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. குழந்தைகளை வளர்த்த அனுபவத்தோடு கவுன்சலிங் துறைக்குள் நுழையலாம் என்று எண்ணித் தொலைநிலையில் உளவியல் சேர நினைத்திருந்த பெண்கள் பலர். அவர்கள் இனி நேரடிக் கல்லூரியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். இந்தச் செய்தி தெரியாமல், பழைய விளம்பரத்தைக் காட்டி இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவரிடம் முன்பணம் கொடுப்பவர்களை இன்னும் பார்க்க முடிகிறது.

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்தாம் வகுப்போடு நின்றவர்களையும், பள்ளிப் படிப்பே இல்லாதவர்களையும் வயதை மட்டும் பார்த்து நேரடியாகப் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் ஒரு காலத்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பரவலாக இருந்தது. அப்படிப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் உறுதிப்படுத்தியது. தமிழ்நாடு அரசும் அதே ஆண்டில், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பின் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் திறந்தநிலைப் பட்டத்தையே வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதாக ஆணையிட்டது. எனவே பிளஸ் டூ இல்லாதவர் பட்டத்துக்கு ஓடுவதற்கு முன், தனித்தேர்வராகவோ தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் வழியாகவோ அதை முடித்துவிடுவது நல்லது. என்ஐஓஎஸ்ஸில் உச்ச வயது வரம்பு இல்லை. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது முறை தேர்வெழுத வாய்ப்பு உண்டு. எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. குடும்பத்தோடு படிப்பவருக்கு இவ்வளவு தாராளமான ஏற்பாடு மேற்படிப்பில் எங்கும் கிடையாது என்பதால், பிளஸ் டூவை முடிக்கும் காலத்தை வீணான ஓரிரு ஆண்டுகளாக எண்ணாமல், வீட்டோடு படிப்பைப் பழக்கும் காலமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனிப் பகல்நேரக் கல்லூரி. பல அரசுக் கலைக் கல்லூரிகளின் இளநிலைச் சேர்க்கையில் வயது வரம்பு இருக்கிறது. ஆகவே முப்பத்தைந்து வயதில் பி.ஏ. சேர விரும்புபவர் தனியார் கல்லூரியையோ சுயநிதிப் பிரிவையோதான் நாட வேண்டிவரும். அதைவிடப் பெரிய தடை வருகைப்பதிவு. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதி 22 நாட்களை மட்டுமே விட்டுவைக்கிறது. இருபது வயதுப் பையனுக்கு அது தாராளம். இரண்டு பிள்ளைகளும் வயதான மாமனாரும் இருக்கும் வீட்டில், ஒரு டெங்குக் காய்ச்சல், ஒரு கண்புரை அறுவை சிகிச்சை, ஊர்க் கோயில் கொடை, நெருங்கிய சொந்தத்தில் ஒரு காதுகுத்து, ஒரு பதினாறாம் நாள் காரியம் ஆகியவற்றிலேயே அது கரைந்துவிடும். வருகை 65 விழுக்காட்டுக்குக் கீழே போகாதவரை காரணம் காட்டி, வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கண்டோனேஷன் கட்டணம் செலுத்தித் தேர்வெழுத அனுமதிக்கும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. மகப்பேற்று விடுப்புக்கும் வருகைத் தளர்வுக்கும் விதிகள் வகுக்குமாறு யுஜிசி 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இருந்தாலும் இவையெல்லாம் துறைத்தலைவரின் மனநிலையைப் பொறுத்துக் கிடைக்கும் சலுகைகளாகவே இன்னும் இருக்கின்றன. அவற்றை நம்பித் திட்டமிடக் கூடாது.

ஆனால் பகல்நேரக் கல்லூரியைத் தவிர வேறு வழியே இல்லாத படிப்புகள் சில இருக்கின்றன. அவற்றில் நம் ஊர்ப் பெண்கள் அதிகம் விசாரிப்பது பி.எட். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் தவறான தகவல்கள் அதிகம் புழங்குகின்றன. பி.எட். படிப்பைத் தொலைநிலையில் முடித்துவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். தொலைநிலை பி.எட். எல்லோருக்குமானதன்று. தொடக்கக் கல்விப் பயிற்சி பெற்று இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஆசிரியர் கல்விப் படிப்பு ஒன்றை ஏற்கெனவே நேரடியாக முடித்தவர்களுமே அதில் சேரலாம். பி.ஏ. முடித்து வீட்டில் இருக்கும் ஒரு பெண் நேரடிக் கல்லூரியில்தான் சேர வேண்டும். முன்பு ஓராண்டாக இருந்த அந்தப் படிப்பு 2015 முதல் இரண்டாண்டாகிவிட்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். பாட வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். இரண்டு ஆண்டுகளில் 20 வாரங்களைப் பள்ளிகளில் கழிக்க வேண்டும். அதில் 16 வாரங்கள் தொடர்ச்சியான கற்பித்தல் பயிற்சி.

அந்தப் பதினாறு வாரங்கள்தாம் குடும்பப் பெண்ணுக்கு உண்மையான சோதனை. காலை ஒன்பது மணிக்குள் பயிற்சிப் பள்ளியில் இருக்க வேண்டும் என்றால், தன் பிள்ளைகளை அவர்கள் பள்ளியில் விடும் வேலை வேறொருவர் கைக்குப் போயாக வேண்டும். மாலையில் மறுநாளைக்கான பாடத்திட்டமும் கற்பித்தல் துணைக்கருவிகளும் தயாரிக்க வேண்டும், அதாவது சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கூடத்தில் விரிந்து கிடக்கும் நேரத்தில்தான் மகனுக்கும் வீட்டுப்பாடம் சொல்லித்தர வேண்டியிருக்கும். கல்லூரியில் சேரும் முன்பே, பயிற்சிக்கு எந்தெந்தப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள், உள்ளூரில் ஒரு பள்ளியைக் கேட்டுப் பெற முடியுமா என்று விசாரித்துவிட வேண்டும். பேருந்துப் பயணம் நாளுக்கு ஒரு மணி நேரம் குறைந்தால் அது கட்டணச் சலுகையைவிடப் பெரிய லாபம். இவ்வளவு சிரமத்துக்கும் பலன் இருக்கிறதா என்று கேட்டால், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை வயது காரணமாக வாய்ப்பு மூடிவிடவில்லை என்று சொல்லலாம். அரசுப் பள்ளி ஆசிரியர் நேரடி நியமனத்துக்கான உச்ச வயது 2023இல் பொதுப் பிரிவினருக்கு 53 ஆகவும் ஏனையோருக்கு 58 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் பி.எட். முடித்த கையோடு வேலை வந்துவிடாது. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட், அதற்குப் பின் ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பி நடத்தும் நியமனத் தேர்வு, பணியிட அறிவிப்புக்கான காத்திருப்பு எல்லாம் சேர்ந்து, சேர்ந்த நாளிலிருந்து அரசு வேலை கைக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆனாலும் வியப்பில்லை. அந்த இடைக்காலத்தில் தனியார் பள்ளிச் சம்பளத்தில் வீடு ஓடுமா என்பதைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசிக்கொள்ளாத குடும்பங்களில்தான் பிற்பாடு மனக்கசப்பு வருகிறது.

சட்டப் படிப்பும் பகல்நேரத்துக்கு உரியதே. மூன்றாண்டு எல்எல்.பி. சேர 30 வயதே உச்சம் என்ற விதியை பார் கவுன்சில் 2016இல் மீண்டும் கொண்டுவந்தபோது, 2017இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதனால் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்களும் இன்று சட்டக் கல்லூரிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 70 விழுக்காடு வருகை இங்கும் உண்டு. சொந்தத் தொழில் செய்பவருக்கு இது சாத்தியம். மாதச் சம்பளக்காரருக்கு, நீண்ட விடுப்பு கிடைத்தாலன்றி, சாத்தியமில்லை. வருகைப்பதிவைச் ‘சரிக்கட்டித் தரும்’ கல்லூரிகள் வெளிமாநிலங்களில் இருப்பதாகச் சொல்வார்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது அந்த ஆண்டுகளில் வேறு வேலையில் இருந்தது தெரியவந்தால் சிக்கல் என்பதால், அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதே மேல்.

மாலைக் கல்லூரி கேட்பதற்கு இனிமையாக இருக்கும், நடைமுறையில் பலருக்கு ஒத்துவராது. கலைக் கல்லூரிகளின் இரண்டாம் ஷிப்ட் என்பது பெரும்பாலும் மதியம் தொடங்கி மாலை ஆறு மணிக்குள் முடிவது. அலுவலகம் போகிறவருக்கு அது உதவாது. பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரமும் அதுவே என்பதால் இல்லத்தரசிக்கும் உதவாது. டிப்ளமோ முடித்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கான பகுதிநேர பி.இ. மட்டும் இதற்கு விலக்கு. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் வேலை முடிந்து மாலையில் போய்ப் படித்து, சூப்பர்வைசர் நிலையிலிருந்து இன்ஜினியர் நிலைக்கு உயர்ந்தவர்கள் அந்த ஊர்களில் நிறையப் பேர். அவர்கள் படித்த ஆண்டுகளில் பிள்ளைகள் தூங்கிய பிறகே தந்தை வீடு திரும்பியிருப்பார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிள்ளைகள் மிகச் சிறியவர்களாகவோ, கல்லூரி வயதை எட்டியவர்களாகவோ இருந்தால் இதைத் தாங்கிக்கொள்ளலாம். இடைப்பட்ட வயதில் தந்தையின் மாலை நேரம் வீட்டுக்கு வேண்டும் என்பது என் கருத்து.

பெரும்பான்மையோர் கடைசியில் வந்து நிற்பது தொலைநிலை, திறந்தநிலை, இணையவழி ஆகிய மூன்றின் முன்னால்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. கிராம நிர்வாக அலுவலர் முதல் வங்கி மேலாளர் வரை தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அந்தப் பட்டங்களால் மேலே வந்தது. 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்களை வைத்திருக்கிறது. 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சென்னை சைதாப்பேட்டையில் இயங்குகிறது. யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒப்புதல் பெற்ற தொலைநிலைப் பட்டமும் இணையவழிப் பட்டமும் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு இணையானவை. எனவே மதிப்பு உண்டா என்ற பழைய கேள்விக்குச் சட்டப்படியான பதில், உண்டு என்பதே. தனியார் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில் முகம் சுளிப்பவர்கள் இல்லாமலில்லை. ஆனால் பத்தாண்டு வேலை அனுபவத்தோடு போகிறவரிடம் பட்டம் எந்த முறையில் வந்தது என்பதைக் கிளறுவது குறைவு.

அந்த இணைமதிப்பு ‘ஒப்புதல் பெற்ற’ என்ற நிபந்தனையில் அடங்கியிருக்கிறது. ஒப்புதல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கிடைப்பதன்று. எந்தப் பட்டம், எந்தக் கல்வியாண்டு என்று பிரித்தே தரப்படுகிறது. 1929இல் தொடங்கிய பெருமைமிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகமே இதற்கு உதாரணம். அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று யுஜிசி 2022 மார்ச்சில் பொது அறிவிப்பு வெளியிட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்திருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். பின்னர் அந்தப் பல்கலைக்கழகம் புதிய சேர்க்கைகளுக்கு ஒப்புதல் பெற்றது. ஆகையால் சேரும் ஆண்டில், சேரும் பாடத்தின் பெயர் யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று நாமே பார்த்துவிட வேண்டும். 2024 முதல் தொலைநிலையிலோ இணையவழியிலோ சேர்பவர் அதே தளத்தில் ‘டெப் ஐடி’ என்ற எண்ணை உருவாக்கியாக வேண்டும் என்பதால், அங்கே போகும் வேலை எப்படியும் உண்டு. டெப் ஐடி வேண்டாம், நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு மையம் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 விழுக்காடு முன்னுரிமையை மனத்தில் வைத்துத் தமிழ் வழிப் பட்டத்தைத் தேர்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2020 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பையும் தொடக்கத்திலிருந்தே தமிழ் வழியில் முடித்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். பட்டம் மட்டும் தமிழில் இருந்தால் போதாது.

தொலைநிலை, திறந்தநிலை, இணையவழி மூன்றுக்கும் உள்ள வேறுபாடு நேரத்தைக் கையாளும் விதத்தில்தான் தெரிகிறது. இக்னோவில் பாடத்தின் அளவைக் குறிக்கும் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 40 கிரெடிட் என்றால் 1,200 மணி நேரம். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதையும் விடாமல் கணக்கிட்டாலும் நாளுக்கு மூன்றேகால் மணி நேரம் வருகிறது. வீட்டையும் வேலையையும் பார்க்கும் எவராலும் இதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. ஆனால் மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க அங்கே ஆறு ஆண்டுகள் வரையும், இரண்டாண்டு முதுகலையை முடிக்க நான்கு ஆண்டுகள் வரையும் காலம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் முடிக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிக்கொண்டு சேர்பவருக்கு அதே மணிக்கணக்கு நாளுக்கு இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. அது பிள்ளைகள் எழுமுன் ஒரு மணி, தூங்கிய பின் ஒரு மணி என்று அடங்கக்கூடியது. குறைந்தபட்சக் காலத்தில் முடித்தே தீருவேன் என்று சேர்பவர்களைவிட, இப்படி நிதானமாகக் கணக்குப் போட்டவர்களே கடைசித் தாள் வரை வந்து சேர்வதைப் பார்க்கிறேன்.

எங்கள் மையத்துக்கு வந்த போக்குவரத்துக் கழக நடத்துநர் ஒருவர் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். அவருடைய டூட்டி வாரத்துக்கு வாரம் மாறும். பருவத்துக்கு ஐந்து தாள் எழுத வேண்டிய இடத்தில், தமக்கு எந்த வாரம் இரவுத் தங்கல் வரும் என்று பார்த்து இரண்டு தாள் மட்டும் எழுதுவார்; அசைன்மென்டை டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து எழுதி, பையில் டிக்கெட் கட்டோடு வைத்துக்கொண்டு திரிவார். தேர்வு அட்டவணை வந்ததும் சக நடத்துநர்களிடம் டூட்டி மாற்றிக்கொள்வது அவருக்குப் படிப்பின் ஒரு பகுதியாகவே ஆகியிருந்தது. இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்டுக்கு 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடு என்பதால், வீட்டில் உட்கார்ந்து எழுதக்கூடிய அந்த முப்பதைக் கவனமாகச் செய்பவருக்குத் தேர்வறையில் பாரம் குறைகிறது. எழுதாத தாளுக்குத் தேர்வுக் கட்டணமும் கிடையாது. எழுதும் தாள்களுக்கு மட்டும் கட்டினால் போதும்.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வியில் பாடநூலும் பாடத்திட்டமும் நேரடிக் கல்லூரிக்கு நெருக்கமாக இருக்கும். தமிழில் எழுத இடமுண்டு. பழைய வினாத்தாள்களும் கைடுகளும் எளிதில் கிடைக்கும். வேகமாக முடித்துவிட்டு அடுத்த தேர்வுக்குப் போக வேண்டும் என்பவருக்கு இது ஏற்றது. குறை என்னவென்றால், தேர்வு அட்டவணையும் முடிவுகளும் நாம் எதிர்பார்க்கும் மாதத்தில் வருவதில்லை. அரியர் விழுந்தால் அதற்கான வாய்ப்புகளுக்கும் பாடத்திட்ட மாற்றங்களுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும் நிலையும் உண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்னோவுக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக்கும் நடுவே நிற்கிறது: தமிழ் வழிப் பாடநூல், மாவட்டங்கள்தோறும் கல்வி மையம், ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை. ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குபவருக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். இக்னோவின் ஆங்கிலப் பாடநூல்கள் தரமானவை என்றாலும், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு புத்தகத்தைத் தொடுபவருக்கு முதல் பருவத்திலேயே மலைப்பைக் கொடுத்துவிடும்.

இணையவழிப் பட்டத்தில் பதிவு செய்த வகுப்புகளை நினைத்த நேரத்தில் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கும், அடிக்கடி மாற்றலாகும் வங்கி ஊழியருக்கும், மலைக் கிராமத்தில் இருப்பவருக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. கட்டணம் தொலைநிலையைவிடப் பெரும்பாலும் கூடுதல். குடும்பத்தோடு இருப்பவர் இதில் கவனிக்க வேண்டியது தேர்வு. கேமராக் கண்காணிப்பில் வீட்டிலிருந்தே எழுதும் தேர்வாக இருந்தால், மூன்று மணி நேரம் ஓர் அறையை முழுதாக அடைத்துக்கொள்ள வேண்டும்; இன்னொரு முகமோ குரலோ பதிவானால் மென்பொருள் அதைக் குறித்துவைக்கும். ஒரே படுக்கையறை உள்ள வாடகை வீட்டில், நான்கு வயதுக் குழந்தைக்குக் கதவின் இந்தப் பக்கம் அம்மா இருப்பது தெரிந்துவிட்டால் போதும், தேர்வு போயிற்று. தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் முறையே இத்தகைய வீடுகளுக்கு நிம்மதி. மூன்று மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருப்பதே படிக்கும் தாய்க்கு ஒரு சலுகை என்று சொன்ன மாணவிகள் இருக்கிறார்கள், அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் உண்மையாகத்தான் சொன்னார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொலைநிலையில் ஒரு கலைப் பட்டத்துக்கான ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் அடங்கும். நடுத்தரக் குடும்பத்தை அது அசைத்துவிடாது. மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஒருவர் வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு பகல்நேரப் படிப்பில் சேர்ந்தால், கட்டணத்துக்கு அப்பால் 4,32,000 ரூபாய் வருமானம் போகிறது என்பதே உண்மையான செலவு. கல்விக் கடன் எடுத்தால், அதன் வட்டிக்கு வருமான வரியில் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. தமக்காக எடுத்த கடனுக்கும் துணைவருக்காக எடுத்த கடனுக்கும் இது பொருந்தும், ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். பிள்ளைகளின் மேற்படிப்புக்கு இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் கடன் தேவைப்படும் குடும்பம், பெற்றோரின் படிப்புக்காக இப்போதே கடனில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி அனுமதிக்கிறது என்பதைக் காட்டி, பி.எட். சேரும்போதே தொலைநிலையில் எம்.ஏ.வையும் சேர்த்துப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருபத்திரண்டு வயதினருக்குச் சரி. வீட்டில் அடுப்பும் பார்த்து இரண்டு பட்டமும் பார்ப்பது யாருக்கும் நல்லதன்று.

அரசு ஊழியர்கள் எந்த வழியில் சேர்ந்தாலும், சேருமுன் அலுவலகத்துக்கு முறையாகத் தெரிவித்து அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது இந்த ஒரு தாள் இல்லாமல் அலைபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், என் தேர்வு வீட்டுக்கு வீடு மாறும். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் தாய்க்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதிலும் ஆண்டுக்கு நான்கு தாளுக்கு மேல் எழுதுவதாகத் திட்டமிட வேண்டாம். பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள் இருக்கும் காலமே பி.எட். போன்ற நேரடிப் படிப்புக்கு மிகவும் தோதானது. தாமாகக் குளித்துச் சாப்பிட்டுப் பள்ளிக்குக் கிளம்பும் வயது அது, பொதுத்தேர்வின் நெருக்கடியும் இன்னும் வரவில்லை. இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. கணவரோ மாமியாரோ அம்மாவோ காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரையிலான வேலைகளை இரண்டு ஆண்டுகளுக்குத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். ‘பார்த்துக்கலாம்மா, நீ சேரு’ என்பது சம்மதம் ஆகாது. எந்த வேலை யாருடையது என்று பெயர் சொல்லிப் பேசி முடித்த பிறகே விண்ணப்பம் வாங்கலாம். படுக்கையில் இருக்கும் பெரியவரையோ, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகும் ஒருவரையோ பராமரிக்கும் வீட்டில் நேரடிப் படிப்பை இப்போதைக்கு ஒத்திவைப்பதே சரி; அந்தக் காலத்தில் தொலைநிலையில் ஒரு முதுகலையை மெதுவாக எழுதி வரலாம். வேலையில் இருந்துகொண்டு பதவி உயர்வுக்கு மட்டும் பட்டம் தேவைப்படுபவர், மாநிலப் பல்கலைக்கழகத் தொலைநிலைப் பிரிவில் சேர்ந்து வேகமாக முடித்துவிடலாம். ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தொலைநிலை வழி கிடையாது என்றாலும், பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு யுஜிசியின் 2022 விதிமுறைகள் இடம் தருகின்றன; பெண்களுக்கு மொத்தம் பத்து ஆண்டுகள் வரை காலமும், மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பும் கிடைக்கும்.

வழியைத் தேர்ந்த பிறகு மிச்சமிருப்பது எந்த மாதத்தில் சேருவது என்பது. இக்னோவில் ஜனவரி, ஜூலை என இரண்டு சேர்க்கைகள். தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் தொடங்கும். ஜூன் தேர்வு பள்ளி திறக்கும் பரபரப்போடும், டிசம்பர் தேர்வு பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வோடும் மோதுகின்றன. இரண்டில் எதை வீடு தாங்கும் என்று பார்த்துத்தான் சேர்க்கை மாதத்தைத் தேர வேண்டும். மகன் பிளஸ் டூ படிக்கும் வீட்டில் அம்மா ஆண்டு முறைப் படிப்பில் ஜூலையில் சேர்ந்தால், அவருடைய முதல் தேர்வு அடுத்த ஜூனில் வரும். மகனின் கல்லூரிக் கலந்தாய்வும் சான்றிதழ் அலைச்சலும் அதே வாரங்களில் வரும். அவர் ஆறு மாதம் பொறுத்து ஜனவரியில் சேரட்டும். மகனின் மார்ச் தேர்வு முடியும்வரை புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் போதும். அவன் கல்லூரிக்குப் போன பிறகு ஜூலை முதல் தீவிரமாகப் படித்து, அசைன்மென்டைத் தீபாவளிப் பலகாரம் சுடும் வாரத்துக்கு முன்பே மையத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டு, டிசம்பரில் முதல் தாளை எழுதலாம்.